நிறுத்தச் சொன்ன கை

மணி மூன்று பத்து. நள்ளிரவும் இல்லை, விடியலும் இல்லை... இரண்டுங்கெட்டான் நேரம். அகலமான சாலை. இரண்டு பக்கமும் வீடு கிடையாது, கடை கிடையாது. தடுப்பு வைத்துச் சாலையை மூடியிருக்கிறார்கள். நடுவில் ஒரே ஒரு கிரேன், நாலு கால் ஊன்றி நிற்கிறது. கொக்கியில் பன்னிரண்டு டன் கான்கிரீட் பலகை அந்தரத்தில் தொங்குகிறது. மேலே கண்ணாடி அறைக்குள் ஒருவன். கீழே பனிமூட்டத்துக்குள்... இரண்டு பேர்.

அவனுக்குத் தெரிந்து அங்கே ஒருவர்தான் இருக்க வேண்டும்.

கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். இது நான் கட்டிய கதை இல்லை. என் கூட்டாளி ஒருவன் சொன்னது. அவன் அக்கா புருஷனுக்கு நடந்தது. கூட்டாளி பொய் சொல்கிறவன் இல்லை. இனிமேல் பொய் சொல்லி அவனுக்கு ஆகப்போவதும் ஒன்றும் இல்லை.

அந்த அக்கா புருஷனை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் உயரம். பதினைந்து வருஷம் லாரி ஓட்டினான். முதலாளி லாரியை விற்றுவிட்டுப் போனதும், முப்பத்தாறு வயதில் கிரேன் பழக வந்தான். மீசை நரைக்கத் தொடங்கிய பிறகு மாணவன். கிரேன் அறைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் தலை இடிக்கும். "கும்பிட்டுட்டு உள்ள வா, இடிக்காது" என்று கிண்டல் பண்ணுவார்கள்.

அவனுக்குப் பழக்கிவிட வாய்த்தவர் ஒரு ஆபரேட்டர். வேலை தெரிந்தவர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும்? நெட்டையும் ஏறினான். முதல் மூன்று மாசம் லீவரைத் தொடவிடவில்லை. கிரீஸ் அடிக்க வேண்டும். கண்ணாடி துடைக்க வேண்டும். கிரேனின் இரும்புக் கால்களுக்கு அடியில் போடும் மரக்கட்டைகளை இழுத்துப் போட வேண்டும். அந்த ஆள் முதல் நாள் ஒரே ஒரு பாடம்தான் சொன்னார், அதுவும் பல் குத்திக்கொண்டே.

"ஒரு நேரத்துல ஒரே ஒரு சிக்னல்காரன் பேச்சத்தான் கேக்கணும். மத்தவன் என்ன காட்டினாலும் கண்டுக்கக் கூடாது. ஆனா நிறுத்துன்னு மட்டும் யாரு காட்டினாலும் நிறுத்தணும். கூட்டிப் பெருக்குறவன் காட்டினாலும் சரி, ரோட்டுல போறவன் காட்டினாலும் சரி. ரெண்டு கையையும் பக்கவாட்டுல விரிச்சா... செத்த மாதிரி நின்னுடணும்."

சொன்னவர் அவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே சிக்னல்காரர் ஒருவர் இருந்தார். கீழே நின்று கையாலேயே கிரேனை நடத்துகிறவர். வலது கையில் சிவப்பு உறை, இடது கையில் வெள்ளை உறை போட்டிருப்பார். இரண்டு ஜோடியில் ஒன்றொன்று தொலைந்து, மிஞ்சியது அது. புதுசு வாங்கச் சொன்னால் மறுத்துவிடுவார். "செவப்பு தெரிஞ்சா என் வலது கை. தூரத்துல இருந்தாலும் உனக்குக் குழப்பம் வராது" என்பார். சிவப்பு உறையின் கட்டைவிரல் ஓரம் கிழிந்து, நீல நூலால் தைத்திருக்கும். நெருக்கு நெருக்காக, எறும்பு வரிசை மாதிரி. வீட்டுக்காரி தைத்தது என்று ஒருமுறை வெட்கத்தோடு சொன்னார். அதிகம் பேசாத மனுஷன். சோற்று நேரத்தில்கூட நெட்டையைப் பார்த்துச் சட்டென்று விரலைக் கீழே காட்டிச் சுழற்றுவார். "இறக்கு" என்று நெட்டை சொன்னால் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுவார்.

நடந்தது பட்டப்பகலில். சாயங்காலம் நாலு மணி இருக்கும். வடிகால் குழாய் இறக்கும் வேலை. ஆள் நுழைகிற அளவுக்குப் பெரிய சிமெண்டுக் குழாய்கள். கிரேனின் பின்கால் ஒன்று ஊன்றிய இடம், முந்தின நாள் மூடிய பள்ளம். மேலே பார்த்தால் தரை மாதிரிதான் தெரியும். சிக்னல்காரர் குதிகாலால் இரண்டு தரம் மிதித்துப் பார்த்தார். ஈர மண் வாசனை அடித்தது. "நேத்து மூடினது. கட்டை இன்னும் ரெண்டு அடுக்கு போடணும்" என்றார். ஆபரேட்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு அடுக்கு போதும். நெட்டை, இன்னைக்கு நீ உக்காரு."

உரிமம் இல்லாதவன் நெட்டை. ஆபரேட்டர் படியில் நின்றபடி பக்கத்திலேயே இருந்தார். பாரம் மிஞ்சினால் அலறுகிற பெட்டி ஒன்று அறைக்குள் உண்டு. அது இரண்டாவது குழாய்க்கே பீப்... பீப்... என்று ஆரம்பித்துவிட்டது. ஆபரேட்டர் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். பெட்டியில் செருகித் திருப்பினார். சத்தம் நின்றது. அந்தச் சாவி யாரிடமும் இருக்கக் கூடாத சாவி. எல்லா ஆபரேட்டரிடமும் இருக்கும்.

மூன்றாவது குழாய். தூக்கியாகிவிட்டது. சுற்ற வேண்டும். நெட்டை லீவரைத் தள்ளினான். அப்போது பார்த்தான்... சிக்னல்காரர் இரண்டு கையையும் விரித்தார். வலப்பக்கம் சிவப்பு. இடப்பக்கம் வெள்ளை. அவர் கண் பின்காலின் கட்டை மேல் இருந்தது. நெட்டையின் கை லீவரில் தயங்கியது.

"அவன் எப்பவும் இப்படித்தான். காத்தடிச்சாலும் நிறுத்துன்னுவான். நீ சுத்து."

நெட்டை சுற்றினான்.

மடக்... கட்டை உடைந்த சத்தம். அப்புறம் வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒரு பக்கம் சாய்ந்தது. குழாய் ஊஞ்சல் மாதிரிப் போனது. சிக்னல்காரர் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. சிக்னல்காரன் இடத்தை விட்டு ஓடினால் மேலே இருப்பவனுக்குக் கண் போய்விடும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கடைசி நொடி வரைக்கும் விரித்த கையை அவர் மடக்கவில்லை.

இந்த இடத்தில் என் கூட்டாளி எப்போதும் நிறுத்திவிடுவான். நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி ஆபரேட்டர் நெட்டையின் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று பேசினார்.

"விசாரணை வரும். லீவர்ல இருந்தது நீ. உரிமம் கிடையாது. உள்ள போனா எத்தனை வருஷம்னு எனக்கே தெரியாது. நான் ஓட்டினேன்னு நான் எழுதிக் குடுக்கறேன். அவன் சுத்தச் சொல்லித்தான் கை காட்டினான், நான் பக்கத்துல நின்னு பாத்தேன்னு நீ எழுதிக் குடு. அவ்வளவுதான். உன் பயிற்சிப் புத்தகத்துல மீதி மணி நேரத்தையும் போட்டுத் தர்றேன். செத்தவன் எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லப் போறானா?"

நெட்டை விடிய விடிய உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் தூங்கும் மகளைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போனவர் போயிட்டார். நீங்க போனா நாங்க என்ன பண்ணுவோம்? கையெழுத்த போட்டுட்டு வாங்க."

அவளைக் குறை சொல்லாதீர்கள். நம்மில் எத்தனை பேர் வேறு மாதிரி சொல்லியிருப்போம்?

விசாரணை அறை சின்னது. மேஜை, இரண்டு நாற்காலி, சுழலாத மின்விசிறி. அதிகாரி ஒரே கேள்விதான் கேட்டார். "சிக்னல்காரர் என்ன சைகை காட்டினார்?"

"சுத்தச் சொல்லிக் காட்டினார், ஐயா."

கையெழுத்துப் போட்டான். தப்பு செத்தவர் தலையில் விழுந்தது. வெளியே பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் தலை நிமிரவில்லை. நெட்டை குனிந்துகொண்டே கடந்து போனான். அன்றைக்குத்தான் அவன் தலை எதிலும் இடிக்கவில்லை.

இரண்டு மாசம் கழித்து உரிமத் தேர்வு. மைதானத்தில் பீப்பாய்களை வரிசையாக வைத்திருப்பார்கள். எதையும் உரசாமல் பாரத்தைக் கொண்டுபோய் ஒரு வட்டத்துக்குள் இறக்க வேண்டும். நல்ல வெயில். நெட்டை கதவைச் சாத்திக்கொண்டு ஏறினான். தூக்கினான். சுற்றத் தொடங்கினான். அறைக்குள் ஒரு வாசனை... ஈர மண். நேற்றுத்தான் மூடிய பள்ளத்தின் வாசனை. தலை நிமிர்ந்து பார்த்தால் தூரத்தில் வேலி ஓரமாக ஒருவர். இரண்டு கையையும் விரித்திருக்கிறார். ஒன்று சிவப்பு. ஒன்று வெள்ளை.

நெட்டையின் கை தானாக நின்றுவிட்டது. பாரம் ஆடி, பீப்பாய் கவிழ்ந்தது.

"ஏன் நிறுத்தினே?" என்றார் தேர்வாளர்.

"அங்க ஒருத்தர் நிறுத்தச் சொன்னார்."

எல்லோரும் வேலியைப் பார்த்தார்கள். வேலிதான் இருந்தது. பெயில்.

இரண்டாவது தேர்விலும் அதே வாசனை, அதே கை. நிறுத்தினான். பெயில். வீட்டில் அவள் பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின. மூன்று நாள் கழித்து வாயைத் திறந்தாள்.

"மூணாவது தடவையும் நிறுத்தினீங்கன்னா, அந்தக் கையெழுத்து எதுக்குப் போட்டீங்க?"

மூன்றாவது தேர்வு. வாசனை வந்தது. அவர் இந்த முறை வேலி ஓரத்தில் இல்லை. பத்தடி தள்ளி, நேர் எதிரில். முகத்தில் கோபம் இல்லை என்று நெட்டை பிறகு சொன்னானாம். எச்சரிக்கை மட்டும்தான் இருந்ததாம். நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு லீவரைத் தள்ளினான். பாரம் அவர் நின்ற இடத்தின் வழியாகவே போனது. எதிலும் மோதவில்லை. வட்டத்துக்குள் பூப்போல இறங்கியது.

பாஸ். யார் காட்டினாலும் நிறுத்து என்பது முதல் பாடம். அதை மீறினவனுக்குத்தான் உரிமம். நாம் இதைப் பார்த்துச் சிரிக்கலாம், அவனால் முடியவில்லை.

வேலை கிடைத்தது. பெரும்பாலும் ராத்திரி வேலை, பகலில் ஊருக்குள் கிரேனை விட மாட்டார்கள். ஒவ்வொரு தூக்கலுக்கும் அவர் வந்தார். சில நாள் தூரத்தில், சில நாள் கண்ணாடியை ஒட்டி. எப்போதும் விரித்த கை. நெட்டை ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிச் சுற்றினான். ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு மாசம் வேர்த்தது. இரண்டாவது மாசம் எரிச்சல் வந்தது. ஆறாவது மாசம்... பழகிவிட்டது. ஆமாம், பேய்க்கும் மனுஷன் பழகிவிடுவான். "வந்துட்டியா? நில்லு, நில்லு" என்று முனகிக்கொண்டே லீவரைத் தள்ளுவானாம். சுவரில் மாட்டிய படத்தைப் போல அவர் ஆகிவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் பெண்டாட்டி கேட்டாள். "தம்பி சும்மாதானே இருக்கான். உங்ககூடவே சிக்னல் பழகட்டுமே. வெளியாளா இருந்தா பயம். நீங்க இருக்கீங்களே, அதான்."

தம்பி என்றால் என் கூட்டாளி. நெட்டைக்கு மச்சினன். சந்தோஷமாகப் போனான். சைகை எல்லாம் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். மாமா வண்டி ஓட்ட, தான் கை காட்ட, அந்தப் பெரிய இரும்பு தன் விரலுக்கு ஆடுகிறதே என்று அவனுக்கு அவ்வளவு பெருமை. சம்பவத்துக்கு முந்தின சாயங்காலம் அக்கா புதுக் கை உறை வாங்கி வைத்திருந்தாள். இரண்டும் வெள்ளை. அவளே அவன் கையில் மாட்டிவிட்டு, "பளிச்சுன்னு தெரியுது" என்று சிரித்தாள்.

இப்போது மூன்று பத்துக்கு வருவோம்.

பாலத்துக்கான கான்கிரீட் பலகைகள். நாலு மணிக்குள் சாலையைத் திறந்துவிட வேண்டும். இன்னும் ஒரே ஒரு பலகைதான் பாக்கி. பனி கனத்துவிட்டது. விளக்கு வெளிச்சம் பனியில் மோதிப் பால் மாதிரி நின்றது. டீசல் வாடை. சூடேறிய ஆயில் வாடை. அப்புறம்... ஈர மண்.

நெட்டை சலித்துக்கொண்டான். "வந்துட்டியா."

கீழே பார்த்தான். இரண்டு உருவம். பலகைக்கு நேர் கீழே ஒருவர், இரண்டு கையையும் விரித்தபடி. வலது கை சிவப்பு. இடது கை வெள்ளை. சரி, வழக்கமான ஆள். அவருக்கு நாலடி தள்ளி, பாதுகாப்பான இடத்தில் இன்னொருவர். இரண்டு கையும் வெள்ளை. ஒரு கையைக் கீழே நீட்டி, விரலைச் சின்ன வட்டமாகச் சுழற்றுகிறார். இறக்கு... இறக்கு... அளவான சுழற்சி. மச்சினன் நல்லாத் தேறிட்டான் என்று நெட்டை நினைத்தானாம்.

உண்மையில் கீழே நடந்தது வேறு. பலகையைக் கட்டிய பட்டை ஒன்று ஓரத்தில் நசுங்கி அறுந்துகொண்டிருந்தது. நெறு... நெறு... என்று சத்தம். மேலே கேட்காது. கூட்டாளி அதைப் பார்த்துவிட்டான். சரிபார்க்கப் பலகைக்கு நேர் கீழே வந்தவன், அந்த இடத்தில் நின்றே இரண்டு கையையும் விரித்தான். நிறுத்து. மாமா பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் அவனுக்கு உயிர் வந்தது. அதனால் ஓடவில்லை. சிக்னல்காரன் இடத்தை விடக் கூடாதே.

"மாமா என்னை நேராப் பாத்தாருடா" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். "கண்ணுக்குக் கண்ணு பாத்தாரு. வாய்கூட அசைஞ்சுது. பாத்துட்டுத்தான் எறக்கினாரு."

இறக்கும்போதே பட்டை அறுந்து, பலகை அவன் மேல் சரிந்தது. அவன் சாகவில்லை. இரண்டு காலும் முழங்காலுக்கு மேல் போய்விட்டது.

அதே விசாரணை அறை. அதே அதிகாரி, மின்விசிறியை மட்டும் சரி பண்ணியிருந்தார்கள். அதே கேள்வி. "சிக்னல்காரர் என்ன சைகை காட்டினார்?"

"எறக்கச் சொல்லிக் காட்டினான், ஐயா. சத்தியமா."

அதிகாரி பழைய கோப்பைப் புரட்டினார்.

"போன தடவையும் சிக்னல்காரன் மேலதான் சொன்னே. உனக்கு வாய்க்கிறவங்க எல்லாரும் தப்பாவே காட்டுவாங்களோ? தடுப்புக்கிட்ட நின்ன காவலாளி சொல்றான், அங்க ஒருத்தர்தான் இருந்தாராம். ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு."

முதல் தடவை பொய் சொன்னான், நம்பினார்கள். இந்தத் தடவை கண்ணால் கண்டதைச் சொன்னான். நம்ப ஒரு நாய்கூட இல்லை. உரிமம் போனது, வழக்கு வந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். எங்கே சுட்டது? கூட்டாளியின் காலையல்லவா சுட்டது.

ஐந்தாம் நாள். ஆஸ்பத்திரியில் தம்பியின் துணிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அக்கா அதைத் துவைக்கக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். நெட்டை படியில் உட்கார்ந்திருந்தான். சட்டையை அலசினாள். தண்ணீர் சிவந்து ஓடியது. அழுதுகொண்டே அலசினாள். கடைசியில் கை உறைகள். இடது கையுடையது அவள் வாங்கிய வெள்ளை. வலது கையுடையது சிவப்பு. ரத்தம் என்று நினைத்தாள். சோப்புப் போட்டாள். தேய்த்தாள். பிழிந்தாள். தண்ணீர் தெளிவாக ஓடியது. மறுபடியும் தேய்த்தாள். தெளிவாகவே ஓடியது.

அவள் அழுகை நின்றுவிட்டது. உறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் ஓரத்தில் கையை வைத்து, புருஷன் பக்கம் நீட்டினாள்.

"என்னங்க... நான் புதுசாத்தானே வாங்கினேன். இந்த நீல நூல்ல யாரு தைச்சது?"

நெட்டை எழுந்திருக்கவில்லை. அவளுக்கு என்ன தோன்றியதோ, உறைக்குள் மெதுவாகக் கையை விட்டாள்.

ஐந்து நாள் பையில் கிடந்த உறை. இப்போதுதான் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தது. உள்ளே வெதுவெதுப்பாக இருந்ததாம்.